சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

ஆடி பிறந்து பதினேழு நாள்.
தலவாக்கலைக்கு மேலே வானம் இருப்பதாக ஒரு பேச்சு,
நான் பார்க்கவில்லை.

ஜவ்ஃபர் நானாவின் ரிப்பேர் கடையில்
மேசை விளக்கு விழும் வட்டம்தான் பகல்.
அதற்குள் ஒரு மஞ்சள் கேம் கேசட்,
முதுகில் '9999 ஆட்டம்' என்று பொய்.
உள்ளே இருந்தது நாலு.
அந்த நாலையும் பிடுங்கிப் போட்டுவிட்டு
இருபத்தெட்டுக் கால் சிப் ஒன்றை உட்கார வைத்தேன்,
நடு வயிற்றில் கண்ணாடி ஜன்னல் உள்ள பழைய சாதி.
எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம்.

எழுத மின்சாரம் போதும்.
அழிக்க வெயில் வேண்டும்.

ஊதா விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது,
சித்திரை இடியில் போய்ச் சேர்ந்தது.
புதிது கொழும்பில் ஒன்பதாயிரம்.
"டீவி கேமுக்கா?" என்றார் நானா.
அதோடு விலை பேசி முடிந்தது.

என் ஆட்டத்தின் பெயர் அட்டை.
நீங்கள்தான் அட்டை.
புல் நுனியில் நின்று ஆடி
போகிற காலில் தாவ வேண்டும்.
வெறுங்காலுக்குப் பத்துப் புள்ளி,
துரையின் காலுறைக்குள் புகுந்தால்
திரை சிவந்து 'பல உயிர்' என்று எழுத்து வரும்.
உப்புப் பட்டால் ஆட்டம் முடிந்தது.

ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம்.
ஆ அடங்கியது. டி முரண்டு பிடித்து அடங்கியது.
ழ மட்டும் எந்தப் பக்கம் மடக்கினாலும்
வால் வெளியே நின்றது.
ஆகவே என் ஆட்டத்தில் மழை இல்லை.

முதலில் ஆடியவர்கள் கெவினும் ஷாமினியும்.
காலுறைக்குள் புகுந்ததும் இருவரும் உருண்டார்கள்.
"அக்கா, அட்டைக்கு ஏதுக்கா பல்லு?"
பார்த்தேன்.
'பல் உயிர்.'
ல தலையில் நான் வைத்த ஒரு புள்ளி.
(அட்டைக்குப் பல் உண்டு, நிறையவே. அதை அவர்களிடம் சொல்லவில்லை.)

அழிக்க வேண்டிய சிப்கள் இன்னும் மூன்று கிடந்தன,
பழைய தப்புகளோடு.
பிரிசில்லாவுக்குப் போன் போட்டேன்,
டெக்னிக்கல் காலேஜில் என் பக்கத்து ஸ்டூல், இப்போது தியத்தலாவ.
"இங்க கல்லு வெடிக்குது வெயில்ல, அனுப்பு."
பட்டிப்பொல தாண்டி ஒரு சுரங்கம்,
ரயில் இந்த வாயில் நனைந்து நுழைந்து
அந்த வாயில் கண் கூசி வெளியே வரும்.
வடை விற்கும் அந்தோனிராஜின் கூடையில்
மாரி பிஸ்கட் டின்னுக்குள் மூன்றும் போயின.

நாலாம் நாள் செய்தி:
'மொளகாய்க்குப் பக்கத்துல காயுது.
கோழி ஒண்ணக் கொத்திருச்சு, மன்னிச்சுக்கோ.'

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தன.
இரண்டு சுத்தம், மூலைக்கு மூலை ஒன்று ஒன்று ஒன்று.
கோழி கொத்தியது பாதிதான் அழிந்திருந்தது.
வளைந்த காலை நிமிர்த்திப் போட்டுப் பார்த்தேன்.
தலையில்லாத அட்டை ஒன்று
தரையே இல்லாத இடத்தில்
ஒழுங்காக நடந்து போனது.

அன்று இரவு, தகரத்தில் மழை கொட்டுகையில்
தாமதமாக ஒன்று உறைத்தது.
பூஜ்யத்தை ஒன்றாக்கத்தான் சூரியன்.
ஒன்றைப் பூஜ்யமாக்க யாரும் வேண்டாம்,
நானும் ஒரு வயரும் போதும்.
புள்ளியை எடுப்பது எடுப்பதுதானே!
அந்தச் சிப்பைச் சொருகி
அதே இடத்தில் இன்னொரு முறை சுட்டேன்.
ல் தலையில் இருந்தது போனது.
ஜன்னல் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத் தூங்கினேன்.

பள்ளிக்கூடம் விட்டுக் கெவின் வந்தான்.
துரை வந்தார், காலுறை வந்தது, தாவினான்.
'பல உயிர்.'
சத்தமே இல்லை.
இன்னொரு முறை தாவிப் பார்த்தான்.
"பல்லு எங்கக்கா?"
"தப்புடா அது. திருத்திட்டேன்."
ஷாமினி ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.
"அப்ப இதுல சிரிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு?"

இன்று விடியலில் ஸ்டேஷனில் நிற்கிறேன்.
பிளாஸ்டரை உரித்தாயிற்று.
ஒரு புள்ளியைத் திருப்பி வைக்க
முழு ஆட்டமும் அழிய வேண்டும், ஆறு நாள் வெயிலில்.
அந்தோனிராஜ் டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்க்கிறார்.
"ஒண்ணுதானா?"
ஒன்றுதான்.
"கோழியக் கட்டிப் போடச் சொல்லுங்க."
எண்ணெய்த் தாளில் ஒரு இறால் வடை தருகிறார்,
காசு வாங்கவில்லை.