ஒரு காதில் மட்டும்

சந்தா என்றதும் கை பின்வாங்கியது.
எனக்குத் தெரிந்த சந்தாவெல்லாம்
ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்கு வருவது:
கோயில் திருவிழா, தொழிற்சங்கம், மரண சகாய நிதி.
ஹஃபிஸ் என் போனைப் பிடுங்கி
கூட்டல் குறியை ஒரு தட்டுத் தட்டினான்.
“காசு வேண்டாம் பாங், காது போதும்.”

அன்றிலிருந்து செவ்வாய்தோறும்
நான் கேட்காமலே ஒரு பாடம் வந்து சேர்கிறது.

முதலில் அதை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.
மோட்டார் அறையில் சிக்னல் கிடையாது.
காலையில் புடு சந்தைக்கு எதிரே, மாமாக் கடை வைஃபையில்
தே தாரேக் ஆறுவதற்குள் மூன்று பாடம்.
பிறகு பதினேழு மாடிக்கும் மேலே ஏறி
ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன்.
மற்றது பிரேக்குக்கும் இரும்பு வடத்துக்கும்.
அவையும் பேசும். அந்த மொழி
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

கேண்டனீஸ் அப்படி இல்லை.
ஒரே சொல்லுக்கு ஆறு மாடி.
நாலாவதில் நிற்க வேண்டியதை இரண்டாவதில் நிறுத்தினால்
வேறு யாரோ கதவைத் திறக்கிறார்கள்.
வேகத்தை முக்காலாகக் குறைத்தேன்,
ஆசிரியை மூன்று பீர் குடித்தவள்போல் இழுத்தாள்.
பதினைந்து விநாடி பின்னால்.
இன்னொரு பதினைந்து.

ஒன்று மட்டும் உடனே பிடிபட்டது:
ஙோ என்றால் நான்.
அரிச்சுவடியில் ஒரு வேலையும் இல்லாமல்
உட்கார்ந்திருந்த அந்த ங
இங்கே எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

பிறகு அவள் விடும் இடைவெளி.
‘இப்போது நீங்கள்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள்.
நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தவர்கள்
இந்த ஊரில் அதிகமில்லை.

ஒன்பதாம் பாடம், நூடுல்ஸ் கடை.
கரண்ட் போனது.
ஆசிரியைக்கு அது தெரியாது,
எத்தனை கிண்ணம் என்று கேட்டாள்.
“லியோங் வூன்” என்றேன் உரக்க. பழக்கதோஷம்.

வடம் இறங்கும் ஓட்டை வழியாக
“ஹா?” என்றது ஒரு பெண்குரல்.

இரண்டாம் நம்பர் லிஃப்ட்,
பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே.
“ஙோ கெங்! ஙோ கெங் ஆ!”
ஙோ தெரியும்.
கெங் இன்னும் வரவில்லை, எந்தச் செவ்வாயில் இருக்கிறதோ.

மலாயில் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கத்தான் வேண்டும்.
வாயில் தயாராக இருந்தது ஒன்றுதான்:
“சிக் சோ ஃபான் மெய்?”
சாப்பிட்டாச்சா.

ஆசிரியை விடுவதைவிட நீளமான இடைவெளி.
பிறகு சிரிப்பு. பதினேழு மாடிக் குழியில்
அடி வரைக்கும் போய்த் திரும்பி வந்த சிரிப்பு.
“மெய்!” என்றாள்.
தமிழில்தான் அது உண்மை. அங்கே, இன்னும் இல்லை.

மெயின் சுவிட்சை அணைத்து
பிரேக்கை விடுவித்து
சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
யாட், யீ, சாம் என்று ஒவ்வொரு சுற்றையும் எண்ணினேன்,
யீயை ஒவ்வொரு முறையும் கீழிருந்து திருத்தினாள்.
பதினாறில் ஹஃபிஸ் சாவியோடு நின்றான்.

நான் படியிறங்கிப் போனபோது
கிளினிக் சீருடையில், ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி
சுவரில் சாய்ந்திருந்தாள், என் வயதுதான்.
கங்குங் கட்டு தரையில் சரிந்து கிடந்தது.
“ரெண்டு கிண்ணம் எங்கே?” என்றாள்,
என் மலாயைவிட நல்ல மலாயில்.
பதில் சொல்வதற்குள் படியில் இறங்கிவிட்டாள்.
இனி ஒரு வாரம் லிஃப்டில் ஏறமாட்டாள், தெரியும்.

இரவில் கெங்கைத் தேடினேன்.
பழைய பாடங்கள் இருபத்தாறையும் இறக்கி
ஓட்டி ஓட்டிக் கேட்டேன்:
விமான நிலையம், சட்டை அளவு, வானிலை,
வாடகைக்கு அறை, பிறந்தநாள் வாழ்த்து.
அந்த ஊரில் யாருக்கும் பயமே வருவதில்லை.

பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
எந்த மாடி என்றுதான்
இன்னும் தெரியவில்லை.