பைக்குள் பை

மூன்று ரியாலுக்கு ஐந்து என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார் மொய்து.
ஜுபைல். கேம்ப் வாசலைத் தாண்டிய பக்காலா.
நள்ளிரவுக்கு இன்னும் முக்கால் மணி.

"என்ன இக்கா இது?"
"பை."
"எந்தப் பை?"
"தின்னுற பை."

சட்டைப்பை, தண்ணீர்ப்பை,
பாஸ்போர்ட் நகல் மடித்து வைக்கும் இடுப்புப்பை,
இரண்டு இட்லிக்கே புளிக்கிற இரைப்பை.
நம் மொழியில் பைக்குப் பஞ்சமில்லை.
இதை எங்கே சேர்ப்பது?

காற்றூதிய சின்ன உறைகள்.
ஆப்பிள். மாம்பழம். பேரீச்சை.
அப்புறம் நீலமாக ஒரு பழம்,
எங்களில் யாரும் நேரில் பார்க்காதது.
ஐந்தாவதில் படமே இல்லை. அரபியில் ஒரு சொல்.
செய்யது பக்கீர் எழுத்துக்கூட்டி அழகாய் வாசித்தான்.
ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது
என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

நாங்கள் நாலு பேர்.
தின்பவர்கள் மூன்று.

கொளஞ்சிக்குக் காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள்.
பத்து மணிக்கு மேல் பச்சைத்தண்ணீர்தான்.
சாரம் கட்டுகிறவனுக்கு வருஷத்துக்கொரு சோதனை,
போன வருஷமே கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.
சர்க்கரை ஏறினால்
அவன் இறங்க வேண்டும்,
அறுபது மீட்டரிலிருந்து
துடைப்பம் பிடிக்கிற சம்பளத்துக்கு.

"நான் மோந்து பாத்து மார்க்கு போடறேன்" என்றான்.

ஆப்பிளைப் பிய்த்தோம்.
படத்தில் வழிந்த பாகு
உள்ளே ஒரு மூலையில் ஒளிந்திருந்தது,
கடன் கேட்டுப் போன வீட்டுக்காரர் மாதிரி.
மேல்தோல் அண்ணத்தில் ஒட்டி
நாக்கால் சுரண்டினாலும் வரவில்லை.
ரொமால்டு நாலு மார்க் போட்டான்,
அதுவும் பளபள உறைக்காம்.
கொளஞ்சி மூக்கருகே வைத்து எடுத்தான்:
"ஆப்பிள் இந்தப் பக்கமே வரல. ரெண்டு."

மாம்பழத்துக்கு அவன் சொன்னது:
"பஸ்ஸுல டிரைவர் முன்னாடி தொங்குமே, அந்த அட்டை."
நாங்கள் மென்று பார்த்தோம்.
அதே அட்டை.

நீலம் எங்கள் நாக்குகளை நீலமாக்கியது.
கட்டிலுக்குக் கட்டில் நீட்டிக் காட்டிக்கொண்டோம்.
மூன்று பேருக்கும் சேர்த்து வயது நூற்றுப் பதினாறு.

பேரீச்சையைச் சும்மா சொல்லக்கூடாது.
ஓரம் லேசாகக் கருகி,
சுலைமானியில் தொட்டால் கரைந்து,
விதை இருந்த இடத்தின் துவர்ப்புகூட இருந்தது.
யாரும் பேசவில்லை.
ஜன்னலில் கந்தக வாடை வந்ததும்
ரொமால்டு எழுந்து திரையை இழுத்துவிட்டான்.
கொளஞ்சி தன் துண்டை
ரொம்ப நேரம் முகத்தருகே வைத்திருந்தான்.
"எட்டு" என்றான்.
தொண்டைக்குமிழ் ஒருமுறை ஏறி
மெதுவாய் இறங்கியது.

படமில்லாததை உடைக்கவில்லை. அவன் பங்கு.
ஏசிக்கு மேல், ஹெல்மெட்டுக்குள் வைக்கும்போதுதான்
தேதியைப் பார்த்தேன்:
இன்றோடு முடிகிறது.
மணி பன்னிரண்டே கால்.
அப்படியானால் நேற்றோடு.

மதியம் வந்தான்,
முழங்கை மடிப்பில் பஞ்சு.
ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்து,
கட்டிலில் உட்கார்ந்து, பல்லால் உறையைக் கிழித்தான்.
ஒரு கடி.
புருவம் நெரிந்தது.
இனிப்பே இல்லை.
வெள்ளாட்டுச் சீஸும், எள்ளும்,
ஓமம் போலக் காரமாய் ஏதோ ஒரு காய்ந்த தழையும்.
"உப்புடா" என்றான்,
லாட்டரி விழுந்தவன் குரலில்.

மைதாவும் சர்க்கரைதான் என்று
ரொமால்டு வாயெடுத்தான்.
செய்யது அவன் காலை மிதித்தான்.

யாருக்கும் ஒரு துணுக்குத் தரவில்லை கொளஞ்சி.
உள்ளங்கையில் சிந்திய எள்ளையும் நக்கினான்.
மார்க் கேட்டேன். காதில் விழாத மாதிரி
உறையை நீவி, நாலாக மடித்து
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்தச் சொல்லை அவனுக்கு வாசிக்கத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட்.
போகிற வழியில் மொய்துவிடம் நீட்டி
இதேதான், இன்னொன்று என்று கேட்கலாம்.