பதினோராவது கட்டம்

ஆலை நலிவுற்றதற்கான காரணம், சுருக்கமாக.
இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

கட்டபெட்டில் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது
மூடுபனி சாலையைப் பாதிவரை தின்றிருந்தது.
அரக்கு வைத்த பூட்டை வாட்ச்மேன் தொடவில்லை.
பக்கத்துத் தகரத்தை நகர்த்தி
"இப்படி வாங்க மேடம்" என்றார்.
பூட்டு வங்கிக்கு. தகரம் ஊருக்கு.

உள்ளே இலை வாட்டும் தொட்டிகள்
நூறடி நீளத்துக்குச் சும்மா கிடந்தன.
தரையைச் செருப்பால் கீறினால்
பழுப்புத் தூள் இன்னும் கிளம்புகிறது.
தும்மினேன்.
"இதுவும் ஏலத்துல போன சரக்குதான்" என்றார் ஹாலன்,
கணக்கர், பதினான்கு மாதச் சம்பளம் பாக்கி,
சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு.

நான் எண்ண வந்தவள்.
உலர்த்தி ஒன்று. சல்லடை மூன்று, ஒன்று கிழிசல்.
உருளை நான்கு ஜோடி.
தராசு ஒன்று. அதன் முள்
பூஜ்யத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம் நிற்கிறது.
"எப்போதிலிருந்து?"
ஹாலன் என்னைப் பார்க்கவில்லை.
இலை மூட்டையோடு விவசாயிகள் வரிசையில் நிற்கும்
அந்த வாசலைப் பார்த்தார்.

டீக்கடையில் காரணங்கள்
வாணலியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தன.
ரஷ்யாக்காரன் போயிட்டான் என்றார் ஒருவர்,
சீர் வாங்கிக்கொண்டு ஓடிய மாப்பிள்ளையைச் சொல்வதுபோல.
இலங்கைச் சரக்கு, கரண்டு பில், வட்டி,
அப்புறம் டெல்லி.
டெல்லி என்றவருக்கு
அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.
கூடையை இறக்கிவைத்த ஞானசுந்தரி மட்டும்
"கிலோவுக்குப் பதினெட்டு குடுத்தாங்க.
அப்புறம் நாலரை.
நடுவுல நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள்.

இரவு, கோத்தகிரி விடுதியில்,
போர்வைக்குள் உட்கார்ந்து பேரேடுகளைப் புரட்டினேன்.
கெட்ட வருடங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது:
கடன், அபராதம், அவகாசம் கேட்ட கடிதம்,
அதன் நகல்.
அலுத்துப்போய் நல்ல வருடங்களுக்குப் போனேன்.

எண்பத்தாறு வரை மாதம் தவறாமல் ஒரு ரசீது,
உருளைக்குப் பல் தீட்டிய கூலி, குன்னூர்ப் பட்டறை.
எண்பத்தேழில் மூன்று.
எண்பத்தெட்டில் ஒன்று, அதுவும் பேரம் பேசியது.
பிறகு இல்லை.

அந்த வருடங்களில்தான் லாபம் மலையேறுகிறது.
கொழுந்தோடு காம்பு, காம்போடு முற்றல்,
எதை அரைத்து மூட்டை கட்டினாலும்
எங்கோ பனி உறைந்த துறைமுகம் ஒன்று
வாங்கி உள்ளே போட்டுக்கொண்டது.
இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்திட்ட தாகம் அது.
ருசி பார்க்கும் நாக்கு ஒப்பந்தத்தில் இல்லை.
நாக்கு இல்லாத இடத்தில் பல் எதற்கு?

எண்பத்தொன்பதில் முதலாளிக்கு ஒரு கார்.
ஹாலனுக்கு ஒரு கைக்கடிகாரம்.
பகலில் அதை அவர் மணிக்கட்டில் பார்த்தேன்,
சரியான நேரம் காட்டியது.

அதே வருடம், பச்சை மையில்,
எங்கள் வங்கி முத்திரையோடு ஒரு தாள்:
"நேரில் பார்வையிடப்பட்டது.
இயந்திரங்கள் நல்ல நிலை. மேல்கடன் தரலாம்."
கீழே இருந்த சுழித்த கையெழுத்து எனக்குத் தெரியும்.
அவர் ஓய்வுபெற்ற அன்று
சால்வை வாங்கிவர அனுப்பப்பட்டவள் நான்.

காலையில் மறுபடி தகரத்தை நகர்த்தச் சொன்னேன்.
உருளையின்மேல் விரலை ஓட்டினேன்.
கீறவில்லை.
குளிர்ந்து, வழவழவென்று,
ஆற்றில் கிடந்த கல்லைப்போல் இருந்தது.

பதினோராவது கட்டத்தில்
சந்தைச் சூழல் என்று எழுதினேன்.
மேலிடத்தில் திருப்பி அனுப்பமாட்டார்கள்.
ஒரு வரி மிச்சம்.

இயந்திரப் பட்டியலில் மட்டும்,
உருளை நான்கு ஜோடிக்கு எதிரே,
ஹாலனின் சிவப்புப் பேனாவை வாங்கி,
யாரும் கேட்காததை எழுதிவைத்தேன்:
பல் இல்லை, எண்பத்தெட்டு முதல்.