முப்பத்தேழாம் எண் சாவி

காலை ஆறரை. குளத்துச் சீட்டுச் சன்னலில் நான்.
ஜனவரியில் எங்கள் தீவுக்குப் பதினொரு மணிக்குத்தான் விடியும்,
அதுவும் யாரோ வற்புறுத்தியதுபோல.

ஸ்டெய்ன்வோர் வருகிறார். ரப்பர் காலணியில் பனி.
மூத்தோர் கட்டணத்துக்கு அடையாள அட்டையை நீட்டுகிறார்.
பதினொரு வருடம் இந்நாட்டின் பிரதமர்;
அஞ்சல்தலையில் இருந்த முகம்.
"அட்டை எதற்கு" என்றால்
"விதி விதிதானே" என்பார்.

விதி.
சட்டப் புத்தகத்தில் எழுதினாலும் அதுதான் சொல்,
தலையில் எழுதினாலும் அதுதான் சொல்.

மீன் ஆலையில் கணக்கெழுதியவர்.
வேலைநிறுத்தத்தின்போது ஐஸ் பெட்டிமேல் ஏறிப் பேசினார்,
இறங்கும்போது கட்சிக்காரர்.
ஒட்டாத மூன்று கட்சிகளை ஒரே ஊசியால் தைத்து
ஆட்சியாக உடுத்திக்கொண்டார்.

அவர் கொண்டுவந்த சட்டம் எளிமையானது:
கடலில் நீந்தும் மீனை முன்கூட்டியே பங்கு போட்டு
படகுக்கு இத்தனை டன் என்று காகிதத்தில் தருவது.
காகிதத்தை விற்கலாம் என்பது நான்காம் பிரிவு.
மீன் இனம் பிழைத்தது. அதை மறுக்க மாட்டேன்.
எங்கள் முதலாளியும் விற்றார்.
நான் வலை இழுத்த "வடக்கொளி" இன்று
சர்ச்சுக்குப் பின்னால் கரையேறிக் கிடக்கிறது;
அதன் சமையலறையில் யார் வீட்டுப் பூனையோ
குட்டி போட்டிருக்கிறது.

அந்த வருடம் அவரை "அவள்" என்றேன்,
முன்னால் இன்னொரு சொல்லும் சேர்த்து.
எப்போது "அவர்" ஆனார் என்று தெரியவில்லை.
மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டபோதா?
அந்த வழியாக டாக்டர் வந்தார்; என் மகள் உயிரோடு பிறந்தாள்.
அதே வழியாக ஒன்பது குடும்பங்கள்
மெத்தையை வண்டிமேல் கட்டிக்கொண்டு போயின.
உள்ளே போனதும் பிள்ளைகள் எதிரொலிக்காகக் கத்தினார்கள்.
சந்தோஷமாகத்தான் கேட்டது.

பதவி போய் இருபது வருடம்.
தேர்தல் இரவில் தொலைக்காட்சிக்காரர்கள்
இன்னும் இவர் கதவைத்தான் தட்டுகிறார்கள்.
இப்போதைய பிரதமர் கோடையில் வந்து
இவரோடு காப்பி குடித்ததைப் படமெடுத்துப் போனார்.
காப்பியை மிச்சம் வைத்துவிட்டாராம்.
எல்லாவற்றுக்கும் மேல் அந்த மௌனம்:
நாடாளுமன்றத்தில் யார் எது கேட்டாலும்
ஏழெட்டு நொடி பேசமாட்டார், பிறகே பதில்.
நாடே அதைக் கற்றுக்கொண்டது.
பால் வேண்டுமா என்று கேட்டால் என் மனைவிகூட
ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

இன்று வெந்நீர்த் தொட்டியில் சூடு அளக்கப் போனேன்.
ஆவிக்கு மேலே இரண்டு தலைகள்:
ஸ்டெய்ன்வோர், எதிரே தோர்கில்ஸ், "வடக்கொளி"யின் சமையல்காரர்.
நான்கு வருடமாக இருவரும் பேசியது
காற்று எந்தப் பக்கம் என்பது மட்டும்.
இன்று தோர்கில்ஸ் கேட்டார்:
"இப்படி ஆகுமென்று அப்போதே தெரியுமா?"

அந்த மௌனம்.
அவர் தலைமுடியில் பனி விழுந்தது, கரையாமல் நின்றது.
எட்டு எண்ணினேன். பதினொன்று. பதினாறு.

"தெரியும்" என்றார். "எண்ணிக்கையாகத் தெரியும்.
இந்தக் கரையில் நாற்பத்தொரு பேர் என்று குறிப்பில் இருந்தது."

தோர்கில்ஸ் தண்ணீரிலிருந்து கைகளை எடுத்து
விரல் மடக்கத் தொடங்கினார்,
பெயர் பெயராக, வாய்க்குள்.
இரண்டு கையும் போதாமல் திரும்பத் திரும்பக் கட்டை விரலுக்கு வந்தார்.
"நாற்பத்திரண்டு" என்றார் கடைசியில்.
"சமையல்காரனை விட்டுவிட்டார்கள்."

முப்பத்தொன்பது டிகிரி என்று ஏட்டில் குறித்துக்கொண்டு
உள்ளே வந்துவிட்டேன்.

போகும்போது ஸ்டெய்ன்வோர் ஈரச் சாவியைத் தந்து
பத்துச் சீட்டு அடங்கிய கட்டு கேட்டார்.
"விலை ஏறியிருக்கிறதே."
"புது விதி" என்றேன்.
மனதில் எதையும் வைத்துச் சொல்லவில்லை.
சில்லறையை மேசைமேல் பரப்பி எண்ணினார்,
ஆலையில் எண்ணியிருப்பாரே, அப்படி.
ஒரு காசு குறைந்தது.
நாளை தருகிறேன் என்றார்.

ஏட்டில் அவர் பெயர் எழுதி
எதிரே கடன் என்று போட்டேன்.
ஒரு காசு.