அரை அங்குலம்

மூன்று வாரமாகச் சொட்டுகிறது சமையலறைக் குழாய்.
முதல் வாரம் அடியில் கிண்ணம் வைத்தேன்.
இரண்டாம் வாரம் கிண்ணத்துக்குள் துணி வைத்தேன்,
சத்தம் குறையட்டுமென்று.
மூன்றாம் வாரம்
தலையணையை எடுத்து என் காதின் மேல் வைத்துக்கொண்டேன்.

சிறு துளி பெருவெள்ளம் என்றவர்
தண்ணீர் பில்லைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

பிளம்பர் ரிமந்தாஸ் வியாழன் வருகிறேன் என்றார்.
எந்த வியாழன் என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

கௌனாஸில் இன்று மைனஸ் பதினொன்று.
டிராலிபஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு
கையுறையைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் நுழைந்தேன்.
வாஷர் வேண்டும் என்றேன்.
"அரை அங்குலமா, முக்காலா?"
பன்னிரண்டு மீட்டர் வண்டியைப்
பனிச் சறுக்கலில் முனை திருப்புகிறவள் நான்,
பதில் தெரியாமல் விழித்தேன்.
எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

சரி, கழற்றிக்கொண்டே வருகிறேன்.

மெயின் வால்வு கழிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது.
எனக்கு முன் குடியிருந்தவர்கள்
சுவரோடு சேர்த்து அதற்கும் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.
திருகினேன். திரும்பியது.
மூடிவிட்டது என்று நம்பினேன்.

நீலப் பொட்டு வைத்த மூடியைக் கத்தியால் நெம்பி,
ஸ்க்ரூவை எடுத்து, கைப்பிடியை உருவி,
நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு தம் பிடித்தேன்.
பாதிதான் மூடியிருந்தது வால்வு.
கூரைக்கு, காலண்டருக்கு, ரொட்டிக்கு,
என் ஸ்வெட்டர் கழுத்துக்குள்
எல்லோருக்கும் தண்ணீர்.
என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை
டிராலிபஸ்ஸில் யாராவது சொல்லியிருந்தால்
அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருப்பேன்.

வால்வை மறுபடி, இந்த முறை முழங்காலை ஊன்றி.

தண்டின் நுனியில் இருந்தது பழைய வாஷர்.
கறுத்து, இறுகி, காய்ந்த அத்திப்பழத் துண்டு மாதிரி.
நடுவே வட்டமாக ஒரு பள்ளம்.
எத்தனை வருடம் ஒரே இடத்தில் அழுத்தினார்களோ.
நானும்தான் அழுத்தினேன்;
சொட்டச் சொட்ட இன்னும் இறுக்கினேன்.
அதனால்தான் கெட்டது என்று
கடைக்காரர் பிறகு சொன்னார்,
என் பர்ஸிலிருந்து அதை வாங்கி நகத்தால் சுரண்டியபடி.
"அரை அங்குலம்தான். இரண்டாக விற்கிறோம்,
ஒன்றாகத் தர முடியாது."

மாட்டினேன். இறுக்கினேன், அளவாக.
வால்வைத் திறந்துவிட்டு மூச்சைப் பிடித்து நின்றேன்.
குழாயின் வாயில் ஒரு துளி
திரண்டது,
யோசித்தது,
விழவில்லை.

டீ போட்டுக் குடித்தேன்.
இப்படியொரு அமைதி இந்த வீட்டில் இருந்திருக்கிறதா!

சொட்.

விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.
சொட்.
சுவரில் காதை வைத்தேன், டைல்ஸ் சில்லிட்டது.
அந்தப் பக்கம்.
அல்பினாஸ் வீடு.

படிக்கட்டில் நான் வைத்த உருளைக்கிழங்கு மூட்டையைப் பற்றி
குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிப் போட்டவர்.
இரண்டு குளிர்காலமாக நாங்கள் பேசுவதில்லை.
லிஃப்டில் ஆளுக்கொரு மூலையை முறைத்துக்கொண்டு போவோம்.
அவரும் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு
எல்லாச் சொட்டும் என்னுடையது என்றே
திட்டிக்கொண்டு கிடந்திருப்பார்.

மேஜையில் இன்னொரு வாஷர் இருந்தது.
அதைப் பார்க்காதது போல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
தட்டுகளைக் கழுவினேன். கூரையைத் துடைத்தேன்.
சொட்.

ஈர ஸ்வெட்டரோடு, ஸ்பேனரோடு மணியடித்தபோது
சங்கிலியைக் கழற்றாமல்
முகத்தில் பாதியை மட்டும் காட்டினார் அல்பினாஸ்.
முதலில் ஸ்பேனரைப் பார்த்தார்.

"உங்கள் குழாய்
அரை அங்குலமா, முக்காலா?" என்றேன்.

அவருக்கும் தெரியவில்லை.