இரண்டு ஆணித்துளைகள்

நாற்பது ஃப்ராங்க் கொடுத்தேன்.
பாசல் நகரில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
செத்தவர்களின் அலமாரியும் பீங்கானும் விற்கிற கொட்டகை.
"என்ன கம்பெனி?" என்றேன்.
பையன் ரசீதில் எழுதினான்:
சைக்கிள். கறுப்பு.

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
இது காசு கொடுத்து வாங்கியது.
அதோடு பல் பார்ப்பதே என் பிழைப்பு,
டாக்டர் எட்லினிடம் இருபத்திரண்டு வருடமாக.

பெடல் சக்கரத்தில் நாற்பத்தாறு பல்.
ஒன்று முனை மழுங்கியிருந்தது, மற்றதெல்லாம் உறுதி.
ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வாய்க்கண்ணாடியை
அச்சுக்கு அடியில் நீட்டி, கறையைச் சுரண்டினேன்.
இடவலம் மாறி ஓர் எண் தெரிந்தது:
7, 1, பிறகு 8 அல்லது 3, அப்புறம் 4.
எழுத்து இல்லை, ஊர் இல்லை.
பல்லை வைத்துப் பிணத்துக்கே பேர் சொல்லிவிடுகிறோம்.
இது வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது.

முன்கழுத்தில், பெயர்த்தகடு இருந்த இடத்தில்
மேலும் கீழுமாய் இரண்டு ஆணித்துளைகள்.
இடைவெளி ஐம்பத்தேழு மில்லிமீட்டர்.
எழுதிவைத்தேன், நோயாளி அட்டையில்,
வேறு காகிதம் கைக்குக் கிடைக்கவில்லை.
தகடு முட்டை வடிவமா, கேடயமா,
அதில் நின்றது கரடியா, கோபுரமா?
துளைகளை ஊதிப் பார்த்தேன்.
ஒன்றிலிருந்து மழைத்தண்ணீர் வந்தது.

பின் மட்கார்டில் காப்பீட்டு வில்லைகள்.
வருடம் ஒன்று வாங்கி ஒட்டியாக வேண்டிய காலம் அது.
ஒன்றின்மேல் ஒன்றாய் அப்பளம் போலத் தடித்திருந்தன.
தலை உலர்த்தும் கருவியால் சூடு காட்டி உரித்தேன்,
2003, 2002, 2001,
சிவப்பு, மஞ்சள், ஒரு அசிங்கமான ஊதா.
98-ஐ உரித்தால் அடியில் 96.
97 இல்லை.
அன்று ராத்திரி சாப்பிடும்போதும்
97-ஐயே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெஜ்தெத்தின் பட்டறை எல்லைக்கு முந்தின ட்ராம் நிறுத்தத்தில்.
பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினான்.
"சுவிஸ் கிண்ணமும் பிரெஞ்சுக் கிண்ணமும்
அளவு ஒன்று, புரி ஒன்று, திசைதான் வேறு.
வலமாய்ச் சுற்றிக் கழன்றால் இந்தப் பக்கத்து வண்டி.
இடமாய்ச் சுற்றிக் கழன்றால் அந்தப் பக்கத்தது."
ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினான்.
வலம். அசையவில்லை.
இடம். அசையவில்லை.
எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவைத்து
மறுபடியும் தொங்கினான், இந்தமுறை தன் மச்சானோடு.
"இன்னும் அழுத்தினால் ஃப்ரேம் கிழியும்" என்று
பதினைந்து ஃப்ராங்க் வாங்கிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை. ரைன் பாலத்துக்கு முன், சிவப்பு விளக்கு.
பச்சை மழைக்கோட்டுப் பெண்மணி ஒருத்தி, எழுபது இருக்கும்,
நேரே வந்து கைப்பிடியைப் பிடித்தாள்.
"இது என்னுடையது."
நீச்சல்குளத்து வாசலில் போனதாம், 2003-ல்.
மேல்குழாயின் அடிப்பக்கம் விரலை ஓடவிட்டு
பார்க்காமலே ஒரு நசுங்கலில் நிறுத்தினாள்.
நான் கண்டதே இல்லை அதை.
"ஒயின் பீப்பாய்" என்றாள்.
மேலே விளக்கவில்லை.

திருட்டு வண்டியோடு பிடிபட்டவள் நான்.
ஆனால் வாயில் வந்தது வேறு:
"என்ன கம்பெனி?"

யோசித்தாள்.
பச்சை விழுந்தது. பின்னால் மணிகள் அடித்தன,
யாரோ திட்டிக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார்.
"கறுப்பு" என்றாள்.

"97-ல் வில்லை இல்லையே?"
இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.
"அந்த வருடம் நான் கட்டவே இல்லை" என்றாள் மெதுவாக.
"யாரும் பிடிக்கவும் இல்லை."

வண்டியை அவள் பக்கம் சாய்த்தேன்.
வேண்டாம் என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.
உள்ளே புது மூட்டு, டைட்டானியம்.
பர்ஸைத் திறந்து அதன் அட்டையை எடுத்து நீட்டினாள்.
தயாரித்தவர் பெயர், ஊர், வருடம்,
ஒன்பது இலக்க எண்.

ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுத்
திருப்பிக் கொடுத்தேன்.