நீலக் குழாய்

சால்மியாவில் ஜூன் பிறந்தால்
குழாய்கள் பொய் சொல்லத் தொடங்கும்.
மொட்டைமாடித் தொட்டியில் வெந்த தண்ணீர்
நீலக் குமிழில் ஆவி பறக்க வரும்.
கீசரை அணைத்துப் போட்டுச்
சிவப்பைத் திறந்தால்தான்
உடம்பு தாங்கும் நீர்.
பதினேழு கோடை இப்படித்தான் குளித்தேன்.
இதில் மந்திரம் ஏதும் இருப்பதாக
அப்போது தோன்றவில்லை.

பதினேழு வருடமாகவே
வீட்டுக்குத் தூரம் நான்.
மாதாமாதம் ஆவது மட்டும்
போன மாசியோடு நின்றது.

மீன் கிடங்கின் கணக்குப் பிரிவில்
வவுச்சர் அடுக்கிக்கொண்டிருக்கையில்
கழுத்திலிருந்து ஓர் ஆகஸ்ட் ஏறும்.
ஏசி பதினெட்டில். ஷைனி சால்வைக்குள்.
நான் கோப்பு அட்டையால் விசிறுவேன்.
"மேடம், ஷுகரா?" என்பார் கலீல்.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
அதையும் போடுகிறேன்.
ஆனால் முப்பத்தாறு வருடம்
என் மாதங்களை எண்ணித் தந்த ஒன்று
சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டது,
நோட்டீஸ் இல்லை, கணக்கு முடிக்கவில்லை.
எனக்கு வேறு நாட்காட்டி வேண்டியிருந்தது.

இரவு இரண்டு மணி. போர்வையை உதைத்துவிட்டு
போனில் தேடிக்கொண்டே போனால்
எங்கெங்கோ பனிநாட்டுப் பெண்கள்,
இலை உதிரும் நாளுக்குப் பூசணி வைத்து
மிக நீண்ட இரவுக்கு மெழுகுவத்தி ஏற்றி
தங்களைச் சூனியக்காரி என்று
சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்கிறார்கள்.
எனக்கு இலை எங்கே உதிர?
எங்கள் தெருவில் இருப்பது கோனோகார்ப்பஸ் மட்டும்,
பன்னிரண்டு மாதமும் ஒரே அழுக்குப் பச்சை.

ஆனால் அந்தச் சொல்.
ஊரில் அது யாரோ யாருக்கோ வைப்பது.
இந்த நாட்டில் உரக்கச் சொல்லக் கூடாதது.
கணக்கு எழுதுகிறவளுக்கோ வெறும் பூஜ்யம்,
எண்ணுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால்
பத்து மடங்காக்கும் காலி வட்டம்.
சரி, என் கைக்காசில்
எனக்கே வைத்துக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு பிரியாணி இலையில்
பால்பாயிண்டால் 'பயம்' என்று எழுதிக் கொளுத்தினேன்.
முதல் எழுத்து கருகுமுன் புகைமணி அலறியது.
பக்கத்து அறை ரொவீனா ஈரத் துண்டோடு ஓடிவந்தாள்.
வாட்ச்மேன் வந்து மோப்பம் பிடித்தான்.
"சமையல்," என்றேன்.
இலையில் மிஞ்சியது 'யம்'.
காற்றுக்கு உரிய எழுத்தாம் அது, பிறகு படித்தேன்.
அதற்குள் குருமாவில் போட்டுவிட்டிருந்தேன்.

"சுஹைல் எழட்டும், ராத்திரி ஆறும்,"
கலீல் போனில் யாரிடமோ சொன்னார்.
யார் அந்த சுஹைல் என்று தேடினால்
நம் அகத்தியர்!
குடத்தில் பிறந்து
ஒரே மடக்கில் கடலைக் குடித்த குள்ளர்,
இங்கே வேறு பெயரில்
தெற்கு அடிவானத்தில் வேலை பார்க்கிறார்.

செப்டம்பரில் மூன்று விடியல்
மொட்டைமாடி ஏறினேன்.
முதல் நாள் புழுதி.
மறுநாள், கிரேன் ஒன்றின் சிவப்பு விளக்கைக்
கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.
மூன்றாம் நாள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே,
தொட்டிக்குழாய் சொட்டும் மூலைக்கு நேராக,
தாழ, மினுமினுவென்று.
மந்திரம் ஏதும் நினைவில்லை.
கையிலிருந்த குவளைத் தண்ணீரில்
உப்புக் கல் போட்டு வைத்திருந்தேன்,
அது கரையும் வரை நின்றேன்.
என் நரை பிடரியில் ஒட்டியிருந்தது.
இனிச் சாயம் வாங்க வேண்டாம் என்று
ஏனோ அப்போது தோன்றிற்று.
ரொவீனா கேள்வி எதுவும் கேட்காமல்
காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
பழக்கம் மறந்து நீலத்தைத் திறந்துவிட்டேன்.
குளிர்.
கை விறைக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.
ரொவீனாவைக் கூப்பிட்டேன்.
அவளும் கை நீட்டினாள்.
அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
பண்டிகை என்று எழுதினேன்.

"இன்னிக்கு என்ன பண்டிகை?" என்றாள் ஷைனி.
கழுத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது.
கோப்பு அட்டையை எடுத்து
விசிறிக்கொண்டே யோசித்தேன்.